பிடிக்கும் கை, விரியாத விரல்கள்: தண்டுவடக் காயத்துக்குப் பிறகு மூளைத்தண்டு செய்யும் வேலை

1968-ஆம் ஆண்டு ‘பிரெய்ன்’ ஆய்விதழில் டொனால்ட் லாரன்ஸும் கைப்பர்ஸும் சேர்ந்து எழுதிய இரண்டு கட்டுரைகள் வெளிவந்தன. பெருமூளைப் புறணியிலிருந்து நேராகத் தண்டுவடத்துக்கு இறங்கும் நரம்புப் பாதைக்குப் பிரமிடுப் பாதை என்று பெயர். குரங்குகளின் முகுளத்தில் அந்தப் பாதையை இரு பக்கமும் வெட்டிவிட்டு, பிறகு அவை எப்படி நடமாடுகின்றன என்று அவர்கள் நீண்ட நாள் கவனித்தார்கள். கையையும் காலையும் நினைத்தபடி அசைக்க இந்தப் பாதையே ஆதாரம் என்றுதான் மருத்துவ மாணவர்கள் படித்துவந்தார்கள். அது அறுந்தால் உடல் முடங்கிக் கிடக்க வேண்டும். அப்படி நடக்கவில்லை. சில வாரங்களுக்குள் அந்தக் குரங்குகள் எழுந்து நின்றன, ஓடின, கூண்டுக் கம்பிகளைப் பற்றிக்கொண்டு ஏறின.

அவை இழந்தது வேறொன்றை. சிறு குழிக்குள் வைத்த உணவைச் சுட்டுவிரலால் தனியே கிளறி எடுக்க அவற்றால் முடியவில்லை. ஐந்து விரல்களும் சேர்ந்துதான் மடங்கின. உணவைப் பற்றிய பிறகு கையை விரித்து அதை விடுவதற்கும் திணறின. ஆனால் கம்பியில் ஏறும்போது அதே கை தடையில்லாமல் பற்றியது, தடையில்லாமல் விட்டது. இரண்டாவது கட்டுரையில் மூளைத்தண்டிலிருந்து இறங்கும் உட்பக்கப் பாதைகளையும் சேர்த்து வெட்டியபோது விளைவு தலைகீழானது. அந்த விலங்குகளால் நிமிர்ந்து உட்காரக்கூட முடியவில்லை. உடலைத் தாங்கிப் பிடித்தால் மட்டும் கையை நீட்டி உணவை எடுத்தன.

தண்டுவடம் காயப்பட்ட ஒருவர் எதை மீட்கிறார், எது திரும்புவதே இல்லை என்று கேட்கும்போதெல்லாம் இந்தக் குரங்குகளிடமே போக வேண்டியிருக்கிறது. மீட்சிக்கு ஒரு குணம் இருக்கிறது. அந்தக் குணத்தைத் தீர்மானிப்பதில் மூளைத்தண்டின் நடுவே பரவிக்கிடக்கும் வலைப்பின்னல் அமைப்புக்குப் பெரிய பங்கு உண்டு என்பது கடந்த சில பத்தாண்டுகளில் திரண்டுவந்த அறிவு. நம் மருத்துவ உரையாடல்களில் அதற்கு இன்னும் உரிய இடம் கிடைக்கவில்லை.

முகுளம், பான்ஸ், நடுமூளை ஆகிய மூன்றின் நடுப்பகுதி முழுவதும் இந்த அமைப்பு நீள்கிறது. ஜெர்மானிய உடற்கூற்றாளர் ஓட்டோ டைட்டர்ஸ் இதை வர்ணித்த நூல் 1865-இல், அவர் இறந்த பிறகு வெளிவந்தது. தெளிவான எல்லை கொண்ட நரம்புக் கருக்களைத் தேடிப் பழகிய கண்ணுக்கு இங்கே பிடி கிடைப்பதில்லை. பெரிய செல்களும் சிறிய செல்களும் கலந்திருக்கின்றன, இழைகள் எல்லாத் திசையிலும் குறுக்கும் நெடுக்கும் ஓடுகின்றன. அதனால் வெகுகாலம் இதை ஆராயவே ஆய்வாளர்கள் தயங்கினார்கள்.

இதற்குப் புகழ் தேடித்தந்தது 1949-இல் ஜியூசெப்பே மொருஸியும் ஹோரஸ் மகூனும் செய்த ஆய்வு. மயக்கத்தில் இருந்த பூனையின் மூளைத்தண்டில் இந்தப் பகுதியைத் தூண்டியபோது, மூளை மின்னலைகள் உறக்க நிலையிலிருந்து விழிப்பு நிலைக்கு மாறின. அன்றிலிருந்து வலைப்பின்னல் அமைப்பு என்றாலே விழிப்பு, கவனம் என்று பேச்சு மேல்நோக்கியே போயிற்று. அதே மகூன் அதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்பே, 1946-இல், ரூத் ரைன்ஸ் என்பவருடன் சேர்ந்து கீழ்நோக்கிய விளைவுகளைக் கண்டிருந்தார். மூளைத்தண்டின் வலைப்பின்னலில் ஓரிடத்தைத் தூண்டினால் தசைகளின் அனிச்சைச் செயல் அடங்கியது, வேறிடத்தைத் தூண்டினால் அது வலுத்தது. தண்டுவடக் காயத்தைப் புரிந்துகொள்ள இந்தக் கீழ்நோக்கிய கண்டுபிடிப்புதான் அடிப்படை. விழிப்பின் புகழ் அதை நீண்ட காலம் மறைத்துவிட்டது என்றே நினைக்கிறேன்.

கீழ்நோக்கி இறங்கும் இழைகளின் தொகுதியை வலைப்பின்னல்-தண்டுவடப் பாதை என்று அழைக்கலாம். பான்ஸிலிருந்து ஒரு பிரிவு, முகுளத்தில் உள்ள பெருஞ்செல் கருவிலிருந்து ஒரு பிரிவு. புறணியிலிருந்து வரும் பாதையின் பெரும்பகுதி ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குக் கடந்து, தண்டுவடத்தின் பக்கவாட்டில் கட்டாக இறங்குகிறது. வலைப்பின்னல் பாதையோ முன்புறத்திலும் பக்கவாட்டிலும் சிதறலாக இறங்கி, இரு பக்கத்துக்கும் கிளை விடுகிறது. பூனைகளில் 1975-இல் நடந்த அளவீடுகளில், ஒரே இழை கழுத்துப் பகுதிக்கும் இடுப்புப் பகுதிக்கும் கிளை அனுப்புவது பலமுறை காணப்பட்டது. ஒரு தசையைத் தனியே அசைப்பதற்கு ஏற்ற கட்டமைப்பு இது அல்ல. பல தசைகளைச் சேர்த்து இயக்கவும், உடலை நிமிர்த்திவைக்கவும், நடையைத் தொடங்கவும் ஏற்றது.

இந்தச் சிதறலே காயத்தின்போது உதவியாகிறது. விபத்திலும் உயரத்திலிருந்து விழும்போதும் தண்டுவடம் கத்தியால் வெட்டியதுபோல் அறுவது அரிது. முதுகெலும்பு நொறுங்கி அதை நசுக்குகிறது. நசுங்கிய தண்டுவடத்தில் முதலில் அழிவது மையத்தில் உள்ள சாம்பல்நிறப் பகுதி. இரத்தக்கசிவும் வீக்கமும் அங்கிருந்து வெளிநோக்கிப் பரவுகின்றன. விளிம்பில் உள்ள வெண்ணிற இழைகளில் ஒரு பங்கு பல நேரங்களில் தப்பிவிடுகிறது. ஒரே கட்டாக ஓடும் பாதை மொத்தமாக அழியும் இடத்தில், சிதறி ஓடும் பாதையில் சில இழைகளாவது மிஞ்ச வாய்ப்பு கூடுதல்.

மருத்துவமனையில் தண்டுவடக் காயத்தை ஆங்கில எழுத்துகளில் ‘ஏ’ முதல் ‘இ’ வரை ஐந்து நிலைகளாகப் பிரிக்கிறார்கள். தண்டுவடத்தின் கடைசித் திருவெலும்புப் பகுதியில் உணர்வும் இல்லை, அசைவும் இல்லை என்றால் அது ‘ஏ’, அதாவது முழுமையான காயம். அந்த எழுத்தைக் கேட்ட குடும்பங்கள் அதை இறுதித் தீர்ப்பாகவே எடுத்துக்கொள்கின்றன. ஆனால் அது படுக்கையருகே நடத்திய பரிசோதனையின் முடிவு மட்டுமே. ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் பைரன் கக்குலாஸ் பல ஆண்டுகள் பிரேதப் பரிசோதனை செய்தபோது, முழுமையான காயம் என்று கருதப்பட்டவர்கள் பலரிடம், காயத்தைக் கடந்து செல்லும் இழைகள் மிஞ்சியிருந்ததைக் கண்டார். 1980-களில் மிலான் டிமிட்ரியெவிச் மின்பதிவுகள் மூலம் உயிருள்ள நோயாளிகளிடமும் அதற்கான தடயங்களைக் காட்டினார். அசைவு தெரியவில்லை என்பதால் மட்டும் தொடர்பே அறுந்துவிட்டது என்று முடிவு கட்ட முடியாது.

மிஞ்சிய இழைகள் என்ன செய்கின்றன? இங்கிலாந்தில் நியூகாசில் பல்கலைக்கழகத்தில் ஸ்டூவர்ட் பேக்கரின் குழு இதைக் குரங்குகளில் நுணுக்கமாக அளந்தது. வலைப்பின்னல் பாதை தோளையும் உடலையும் மட்டுமே ஆளும், கைக்கும் விரலுக்கும் அது எட்டாது என்பது பழைய எண்ணம். முன்கையையும் விரல்களையும் இயக்கும் நரம்புச் செல்களுக்கும் இந்தப் பாதை நேராகவும் இடைச்செல்கள் வழியாகவும் சென்று சேர்கிறது என்று 2009-இல் அவர்கள் காட்டினார்கள். 2012-இல் வந்த ஆய்வு இன்னும் முக்கியமானது. பிரமிடுப் பாதை சேதமாகிக் குரங்குகள் ஓரளவு மீண்ட பிறகு, வலைப்பின்னல் பாதையின் இணைப்புகள் வலுத்திருந்தன. ஆனால் எல்லா இணைப்புகளும் அல்ல. கையை மடக்கும் முன்கைத் தசைகளுக்கும் உள்ளங்கைத் தசைகளுக்கும் போகும் இணைப்புகள் வலுத்தன. கையை விரிக்கும் தசைகளுக்குப் போகும் இணைப்புகள் அப்படியே இருந்தன.

உணவைப் பற்றிய குரங்கு அதை விட முடியாமல் திணறியதற்கான காரணத்தின் ஒரு பகுதியாவது இங்கே கிடைக்கிறது. கழுத்தில் காயம்பட்ட மனிதர்களிடமும் இதே சாயல் உண்டு. தண்ணீர்த் தம்ளரை மொத்தக் கையால் பிடிக்க முடிகிறது, சட்டைப் பொத்தானைப் போட முடிவதில்லை. பிடித்ததை விட்டுவிடுவது பிடிப்பதைவிடக் கடினமாகிறது. மூளைத்தண்டு கைகொடுக்கிறது, ஆனால் தன் வழக்கப்படிதான்.

மனிதர்களிடம் இதைச் சோதிப்பது எப்படி? தலையைத் திறந்து பார்க்க முடியாது. இங்கே 1999-இல் ஸ்பெயின் நாட்டு நரம்பியலாளர் ஜோசப் வால்ஸ்-சோலேயும் உடன் ஆய்வாளர்களும் கண்ட ஒரு நிகழ்வு துணைக்கு வருகிறது. விளக்கு எரிந்ததும் கையை அசைக்கத் தயாராக இருக்கும் ஒருவரின் காதருகே, விளக்கு எரியும் அதே நொடியில் திடுக்கிட வைக்கும் பேரொலியை எழுப்பினால், ஏற்கெனவே தயாராக இருந்த அசைவு வழக்கத்தைவிட மிக விரைவாக, ஏறக்குறைய பாதி நேரத்தில் வெளிப்பட்டுவிடுகிறது. திடுக்கிடும் அனிச்சை பான்ஸின் வலைப்பின்னலில் உள்ள ஒரு கருவிலிருந்து கிளம்புவது. ஆகவே இந்த முந்துதலில் வலைப்பின்னல் பாதைக்குப் பங்கு உண்டு என்று ஊகிக்கிறார்கள். புறணியை முழுவதும் ஒதுக்கிவிட்டு அந்த அசைவு நேரே கிளம்புகிறதா என்பதில் ஆய்வாளர்களிடையே இன்னும் விவாதம் இருக்கிறது. இருந்தாலும் கைவசம் உள்ள சோதனைகளில் நம்பத்தகுந்தது இது.

2017-இல் பேக்கரும் மோனிகா பெரெஸும் கழுத்துத் தண்டுவடம் காயப்பட்டவர்களிடம் இந்த முறையைப் பயன்படுத்தினார்கள். கை முழுவதையும் மூடிப் பிடிக்கும் செயலில் பேரொலி அவர்களின் அசைவை விரைவுபடுத்தியது. சுட்டுவிரலைத் தனியே அசைப்பதிலும், கட்டைவிரலும் சுட்டுவிரலும் சேர்த்து நுனியால் கிள்ளிப் பிடிப்பதிலும் அந்த விரைவு தெரியவில்லை. ஆரோக்கியமானவர்களிடம் எல்லாச் செயல்களிலும் அது தெரிந்தது. முரட்டுப் பிடியைக் காப்பாற்றித் தருவது மூளைத்தண்டு, நுண்ணிய விரல் வேலைக்குப் புறணியின் நேரடிப் பாதை இல்லாமல் முடியாது என்ற பிரிவினை மனிதரிடமும் இப்படித் தெளிவாயிற்று.

இந்த உதவிக்கு ஒரு விலையும் உண்டு. தண்டுவடக் காயத்தோடு வாழ்பவர்களைத் தினமும் வதைப்பது தசை இறுக்கம். காலைத் தொட்டால்கூட வெட்டி இழுக்கும், இரவில் உறக்கம் கெடும், சக்கர நாற்காலியில் சரிந்துவிடும் நிலை வரும். சினா சங்காரியும் பெரெஸும் 2019-இல் வெளியிட்ட ஆய்வில், கால் தசைகளில் இறுக்கம் உள்ளவர்களிடம் புறணியிலிருந்து வரும் பாதையின் பதில் குன்றியோ இல்லாமலோ இருந்தது. பேரொலிக்கான விரைவு மட்டும் இறுக்கம் இல்லாதவர்களைவிட மிகுந்திருந்தது. இரு பாதைகளுக்கிடையே இருந்த சமநிலை குலைந்து, ஒன்றின் கை ஓங்கிவிட்ட நிலை என்று இதைப் புரிந்துகொள்ளலாம். மகூனும் ரைன்ஸும் கண்டதுபோல் வலைப்பின்னலில் அடக்கும் இடமும் உண்டு, கிளர்த்தும் இடமும் உண்டு. அடக்கும் இழைகள் அறுந்து, கிளர்த்தும் இழைகள் தப்பினால் விளைவு இறுக்கம்தான்.

வேதியியல் பக்கமும் இருக்கிறது. தண்டுவடத்துக்கு வரும் செரோடோனின் பெரும்பாலும் மூளைத்தண்டின் நடுக்கோட்டில் உள்ள செல்களிலிருந்தே வருகிறது. தண்டுவடத்தின் இயக்க நரம்புச் செல்களை எளிதில் தூண்டப்படும் நிலையில் வைத்திருப்பது அதுதான். காயத்தால் அந்த வரத்து நின்றதும் செல்கள் சோர்ந்துபோகின்றன. காயம்பட்ட முதல் வாரங்களில் தசைகள் துவண்டு கிடப்பதற்கு இது ஒரு காரணம். பிறகு கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தினர் 2010-இல் எலிகளில் காட்டிய மாற்றம் நடக்கிறது. செரோடோனினை ஏற்கும் ஒருவகை ஏற்பிகள், செரோடோனின் வராமலேயே தாமாகச் செயல்படத் தொடங்கிவிடுகின்றன. அதனால் செல்கள் மீண்டும் உயிர்ப்பு பெறுகின்றன, காலை அசைக்கும் திறனின் ஒரு பங்கு திரும்புகிறது. அதே உயிர்ப்புதான், மேலிருந்து அடக்குவார் இல்லாததால், இழுப்பாகவும் வெடிக்கிறது. இறுக்கத்தை மருந்தால் முழுவதும் அடக்கிவிட்டால் சில நோயாளிகளின் எஞ்சிய வலுவும் சேர்ந்து போய்விடுவது ஏன் என்பதற்கு இதில் விடை இருக்கிறது. இறுக்கத்தை நம்பி எழுந்து நிற்பவர்களும் உண்டு. எவ்வளவு குறைப்பது என்பதை அவர்களைக் கேட்டே முடிவு செய்ய வேண்டும்.

நடையின் கதை இன்னும் விரிவானது. 1966-இல் மாஸ்கோவில் ஷிக், செவெரின், ஓர்லோவ்ஸ்கி மூவரும் பெருமூளை துண்டிக்கப்பட்ட பூனையின் நடுமூளையில் ஓரிடத்தைத் தூண்டினார்கள். பூனை ஓடுபட்டையின்மேல் நடந்தது. மின்னோட்டத்தைக் கூட்டினால் நடை ஓட்டமாயிற்று, மேலும் கூட்டினால் பாய்ச்சலாயிற்று. நடுமூளையின் அந்த இடம் தண்டுவடத்தோடு நேராகப் பேசுவதில்லை. முகுளத்தின் வலைப்பின்னலுக்குச் சொல்கிறது, அங்கிருந்து வலைப்பின்னல்-தண்டுவடப் பாதை வழியே செய்தி இறங்குகிறது. காலை மாற்றி மாற்றி வைக்கும் தாளத்தைத் தண்டுவடத்தின் சுற்றுகளே உருவாக்கும். தொடங்கு, விரைவுபடுத்து, நில் என்ற கட்டளைகள் மேலிருந்து வர வேண்டும்.

பழைய மின்முனைகளால் வலைப்பின்னலைத் தூண்டியபோது ஒருநாள் நடையும் மறுநாள் நிறுத்தமும் வந்து ஆய்வாளர்களைக் குழப்பியது. காரணம் பின்னால் தெரிந்தது. சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் சில்வியா ஆர்பரின் குழு 2017-இல் எலிகளில் காட்டியபடி, ஓடும் வேகத்தைக் கூட்டும் செல்களும் அசைவை நிறுத்தும் செல்களும் முகுளத்தில் ஒன்றோடொன்று கலந்து கிடக்கின்றன. மின்முனை இரண்டையும் சேர்த்தே தூண்டியிருக்கிறது. மரபணு முறையில் ஒவ்வொரு வகையையும் தனியே தூண்டியபோதுதான் ஒழுங்கு புலப்பட்டது.

காயத்துக்குப் பிறகு இந்தப் பாதையில் எவ்வளவு மிஞ்சினால் போதும்? சூரிச்சில் மார்ட்டின் ஷ்வாபின் குழு 2013-இல் தந்த விடை வியப்பூட்டுகிறது. வலைப்பின்னல் இழைகளில் 20 முதல் 30 விழுக்காடு மட்டும் தப்பிய எலிகளின் நடுமூளையில் அந்த நடை இடத்தைத் தூண்டியபோது, முடங்கிய பின்னங்கால்கள் பெரிதும் மீண்டன. 10 விழுக்காட்டுக்கும் குறைவாகத் தப்பியவற்றில்கூட, உடல் எடையைத் தண்ணீர் தாங்கும் நீச்சலின்போது கால் அசைவு திரும்பியது.

லோசானில் கிரெகுவார் கூர்ட்டினின் குழு 2018-இல் இன்னொரு கோணத்தில் அணுகியது. தண்டுவடம் கடுமையாக நசுங்கிய எலிகளில், புறணியிலிருந்து இடுப்புப் பகுதிக்குப் போகும் நேர்ப்பாதை முற்றிலும் அறுந்திருந்தது. முகுளத்துப் பெருஞ்செல் கருவிலிருந்து வந்த சில இழைகள் மிஞ்சியிருந்தன. தண்டுவடத்துக்கு மின்தூண்டலும் மருந்தும் கொடுத்து, உடலைத் தாங்கும் இயந்திரத்தின் உதவியுடன் பல வாரம் பயிற்சி அளித்தார்கள். எலிகள் தாமாகவே நடக்கத் தொடங்கின. புறணி தன் கட்டளையை வலைப்பின்னலிடம் ஒப்படைத்திருந்தது. வலைப்பின்னல் அதைக் காயத்தைத் தாண்டிக் கொண்டுபோய்ச் சேர்த்தது. அந்த முகுளச் செல்களை அடக்கியதும் மீண்ட நடை மறைந்தது. எலியில் புறணிப் பாதை ஓடும் இடம் வேறு, மனிதனில் வேறு, ஆதலால் இந்த முடிவை அப்படியே மனிதருக்குப் பொருத்தக்கூடாது. என்றாலும் பயிற்சி என்பது தசையை வளர்ப்பதைவிடப் பெரிய காரியம், மூளையின் ஆணை வேறு வழி தேடிக்கொள்ளும் வேலை அது என்பதை இதைவிடத் தெளிவாக வேறெந்த ஆய்வும் எனக்குக் காட்டியதில்லை.

அதே லோசானில் கூர்ட்டினும் அறுவை மருத்துவர் ஜோஸ்லின் ப்ளோக்கும் 2024 டிசம்பரில் மனிதர்கள் இருவரின் முடிவுகளை வெளியிட்டார்கள். நடை மீளும் எலிகளின் மூளை முழுவதையும் வரைபடமாக்கியபோது, எதிர்பாராத ஓர் இடம் முன்னுக்கு வந்தது: ஹைபோதலாமஸின் பக்கவாட்டுப் பகுதி. பசியோடும் விழிப்போடும் சேர்த்தே அதுவரை அது பேசப்பட்டது. அங்கிருந்து போகும் இழைகள் முகுளத்தின் அதே பெருஞ்செல் கருவைத்தான் அடைகின்றன. தண்டுவடம் ஓரளவு மட்டும் காயப்பட்ட இருவருக்கு அந்த இடத்தில் மின்முனை பொருத்தப்பட்டது. அறுவையின்போது மின்னோட்டம் தொடங்கியதும் கால்களை உணர்வதாகவும், நடக்க வேண்டும்போல் இருப்பதாகவும் ஒருவர் சொன்னதாக மருத்துவர்கள் தெரிவித்தார்கள். நடை உடனே மேம்பட்டது. பயிற்சியும் சேர்ந்தபோது, தூண்டலை நிறுத்திய பிறகும் அந்த மேம்பாட்டில் ஒரு பங்கு நிலைத்தது. இருவர் என்பது சிறிய எண்ணிக்கை, மூளைக்குள் மின்முனை வைப்பது சிறிய காரியமும் அல்ல. இது சிகிச்சையாகிவிட்டது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். மிஞ்சிய மூளைத்தண்டு இழைகளைக் கொண்டு மனிதரிடம் என்ன செய்ய முடியும் என்பதற்கான தொடக்கச் சான்று இது.

நடையைப் பற்றியே பேசிக்கொண்டிருப்பதில் ஒரு பிழை இருக்கிறது. கிம் ஆண்டர்சன் 2004-இல் வெளியிட்ட கருத்தறிதலில் தண்டுவடக் காயம்பட்ட 681 பேர் பதிலளித்தார்கள். நான்கு அங்கங்களும் பாதிக்கப்பட்டவர்களில் ஏறக்குறைய பாதிப்பேர் முதலில் கேட்டது கையின் செயலை. கால்கள் மட்டும் பாதிக்கப்பட்டவர்களிடம் பாலுறவு வாழ்க்கை முதலிடத்தில் இருந்தது. சிறுநீர், மலம், இரத்த அழுத்தம் பற்றிய கவலை இரு தரப்புக்கும் பொது. இவற்றிலும் மூளைத்தண்டுக்குப் பங்கு உண்டு. பான்ஸில் சிறுநீர் கழிப்பை ஒருங்கிணைக்கும் இடத்தை 1925-இல் பிரிட்டிஷ் மருத்துவர் பாரிங்டன் கண்டறிந்தார். அந்த இடத்தோடு தொடர்பு அறுந்தால், சிறுநீர்ப்பை சுருங்கும் அதே நேரத்தில் அதன் வாயை மூடும் தசையும் இறுகிக்கொள்கிறது. சிறுநீர் தேங்கிச் சிறுநீரகம் கெடும் ஆபத்து அங்கிருந்து தொடங்குகிறது. இரத்த அழுத்தத்தைக் காக்கும் செல்கள் முகுளத்தில் உள்ளன. மார்புப் பகுதியின் ஆறாம் கண்டத்துக்கோ அதற்கு மேலோ காயம்பட்டவர்களுக்கு, நிறைந்த சிறுநீர்ப்பைகூட உயிருக்கு ஆபத்தான இரத்த அழுத்தத்தைக் கிளப்பிவிடக்கூடும். வீட்டில் இருப்பவர்கள் இதை அறிந்திருப்பது அவசியம்: திடீர்த் தலைவலி, வியர்வை, முகச்சிவப்பு வந்தால் நோயாளியை உடனே நிமிர்த்தி உட்காரவைத்து, சிறுநீர்க் குழாய் அடைத்திருக்கிறதா என்று பார்த்து, தாமதிக்காமல் மருத்துவ உதவி தேட வேண்டும்.

மூச்சும் அங்கிருந்துதான் வருகிறது. முகுளத்தின் பக்கவாட்டு வலைப்பின்னலில் மூச்சின் தாளம் பிறந்து, கழுத்தின் மூன்று முதல் ஐந்தாம் கண்டங்களில் உள்ள உதரவிதான நரம்புக்கு இறங்குகிறது. 1895-இல் வில்லியம் டவுன்செண்ட் போர்ட்டர் விலங்குகளில் கழுத்தின் மேற்பகுதியில் தண்டுவடத்தை ஒரு பக்கம் மட்டும் வெட்டினார். அந்தப் பக்கத்து உதரவிதானம் நின்றது. பிறகு எதிர்ப்பக்கத்து உதரவிதான நரம்பை வெட்டினார். மூச்சு அடியோடு நிற்க வேண்டிய அந்தக் கணத்தில், முடங்கியிருந்த பாதி அசையத் தொடங்கியது. தண்டுவடத்தைக் குறுக்கே கடக்கும் ஓர் இணைப்பு முதலிலிருந்தே இருந்தது, நெருக்கடி வந்ததும்தான் அது வேலை செய்தது. எஞ்சியிருந்தும் பேசாமல் கிடக்கும் இணைப்பு உண்டு என்பதற்கு இதைவிடப் பழைய, இதைவிட வலுவான சான்று எனக்குத் தெரியவில்லை.

உறங்கும் இணைப்புகளை எழுப்ப இப்போது கைவசம் இருப்பவை என்ன? மின்தூண்டல் ஒன்று. கழுத்தின் தோல்மேலேயே மின்முனை ஒட்டித் தண்டுவடத்தைத் தூண்டும் முறை 2024-இல் 60 பேரிடம் சோதிக்கப்பட்டு, 72 விழுக்காட்டினரின் கைவலுவிலும் செயலிலும் முன்னேற்றம் தந்தது. அது புதிய நரம்பை வளர்ப்பதில்லை. மேலிருந்து வரும் மெல்லிய கட்டளைக்குத் தண்டுவடத்தின் செவியைக் கூர்மையாக்குகிறது, கட்டளையைக் கொண்டுவர எஞ்சிய இழைகள் இருக்க வேண்டும். மற்றொன்று எளிய உடற்பயிற்சி. குரங்குகளுக்கு ஒரு கையால் எடை தூக்கும் பயிற்சி கொடுத்து நியூகாசில் குழு 2020-இல் அளந்தபோது, பயிற்சியால் வலுத்த பாதைகளில் வலைப்பின்னல் பாதை முன்னின்றது. பிசியோதெரபி மேசையில் தினமும் நடக்கும் எடைப் பயிற்சி இந்தப் பாதையைத்தான் உரமேற்றுகிறது என்றால், அந்தப் பயிற்சி எந்தத் தசைக்குப் போகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். மடக்கும் தசைகளுக்கு இயற்கையே முன்னுரிமை கொடுத்துவிட்டது. பயிற்சியையும் பிடியிலேயே குவித்தால் அந்தச் சாய்வு கூடும். நோயாளி பந்தை அழுத்திப் பழகுவதைப் பார்க்கிறோம், விரல்களை விரித்துப் பழகுவதை அரிதாகவே பார்க்கிறோம்.

விரிக்கும் தசைகளைக் குறிவைத்த முயற்சி ஒன்று நம் நாட்டிலேயே நடந்தது. கொல்கத்தாவின் நரம்பியல் நிறுவனமும் நியூகாசில் குழுவும் சேர்ந்து, பக்கவாதத்தால் கை செயலிழந்தவர்களுக்கு உடலில் அணியும் ஒரு சிறு கருவியைக் கொடுத்தார்கள். காதில் ‘டிக்’ என்ற ஒலி, அதோடு இணைத்து முன்கையின் விரிக்கும் தசையில் ஒரு மெல்லிய மின்துடிப்பு. ஒலி வலைப்பின்னலைத் தொடும், துடிப்பு அந்தத் தசையின் சுற்றைத் தொடும், இரண்டும் திரும்பத் திரும்பச் சேர்ந்து வந்தால் இணைப்பு இறுகும் என்பது கருத்து. 2020-இல் வெளியான முடிவில், ஒலியும் துடிப்பும் இணைந்து கிடைத்த குழுவில் கைச்செயல் சற்றே மேம்பட்டது, இணைக்காமல் கொடுத்த குழுவில் மேம்படவில்லை. பக்கவாதத்தில் மூளை காயப்படுகிறது, தண்டுவடம் முழுசாக இருக்கிறது. கழுத்துக் காயத்தில் இதே முறை பலிக்குமா என்பது எஞ்சிய இழைகளின் எண்ணிக்கையைப் பொறுத்தது. அதைப் படுக்கையருகே மறைமுகமாக ஊகிக்கப் பேரொலிச் சோதனை போன்ற எளிய வழிகள் இப்போது இருக்கின்றன. ‘ஏ’ என்று எழுதிக் கோப்பை மூடும் முன் அந்தச் சோதனையைச் செய்து பார்க்க ஓர் ஒலிபெருக்கியும் தசை மின்பதிவுக் கருவியும் அரை மணி நேரமும் போதும்.